ஆயில் மாற்ற வேண்டும் என்று காருக்கு எப்படித் தெரிகிறது? கேட்டவர்களுக்குப் பதில்கள்

பாலக்கோடு: அண்ணா, என் காரில் ஆயில் லைஃப் 30 சதவீதம் என்று காட்டுகிறது. உள்ளே சென்சார் வைத்து ஆயிலைப் பார்த்துத்தான் சொல்கிறதா?

பெரும்பாலும் இல்லை தம்பி, எல்லாம் கணக்குதான். இன்ஜின் எத்தனை சுற்று சுற்றியது, எவ்வளவு சூட்டில் ஓடியது, எத்தனை தடவை ஆறிப்போன நிலையில் ஸ்டார்ட் ஆனது, இதையெல்லாம் ஈசியூ என்கிற இன்ஜின் கம்ப்யூட்டர் கூட்டிக்கொண்டே வந்து 100-லிருந்து கழிக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் 1980களின் கடைசியிலேயே இதைக் கொண்டுவந்துவிட்டது. ஆயிலின் தன்மையையே அளக்கிற சென்சார் சில விலை உயர்ந்த ஜெர்மன் கார்களில் உண்டு. நம்ம பக்கம் ஓடுகிற நிறைய கார்களில் அந்தக் கணக்குகூடக் கிடையாது. 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முந்துகிறதோ அதில் ஸ்பேனர் படம் வரும், அவ்வளவுதான்.

கிருஷ்ணகிரி: பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் மட்டும்தான் ஓட்டுகிறேன், வருஷத்துக்கு 4,000 கிலோமீட்டர்கூட வராது. எனக்கும் வருஷா வருஷம் மாற்ற வேண்டுமா சார்?

கட்டாயம் மாற்றுங்கள் மேடம். ரெண்டு மூணு கிலோமீட்டரில் ஆயில் சூடாவதற்குள் வண்டியை நிறுத்திவிடுகிறீர்கள், உள்ளே சேர்கிற ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகி வெளியேற நேரமே கிடைப்பதில்லை. ஹைவேயில் நிதானமாகப் பெங்களூர் போய்வருகிறவர் வண்டியில் ஆயில் உங்களுடையதைவிட நல்லபடியாக இருக்கும்.

தர்மபுரி: பிஎஸ்6 டீசல். 7,000 கிலோமீட்டரிலேயே ஆயில் மாற்றச் சொல்கிறது. சர்வீஸ் சென்டர் ஏதாவது செட் செய்து வைத்திருக்கிறதா?

சந்தேகப்படுவது தப்பில்லை, ஆனால் இதில் காரணம் வேறு. உங்கள் வண்டியில் டிபிஎஃப், அதாவது புகையில் வரும் கரியைப் பிடித்துவைக்கிற ஃபில்டர் இருக்கிறது. அதில் சேர்கிற கரியை எரிக்க இன்ஜினே கொஞ்சம் டீசலைக் கூடுதலாக அடிக்கும், அதில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரோடு வழிந்து ஆயிலில் கலந்துவிடும். டவுனுக்குள்ளேயே சுற்றினால் எரிப்பு பாதியில் நின்று, மறுபடி மறுபடி தொடங்கும், கலப்பும் கூடும். அந்தக் கலப்பையும் சில கார்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஆயில் அளவு பார்க்கிற கம்பியான டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் டீசல் ஏறியிருக்கலாம், தள்ளிப்போடாமல் மாற்றிவிடுங்கள். அப்பப்போ சேலம் வரைக்கும் நிறுத்தாமல் ஒரு ஓட்டம் விடுங்கள்.

பர்கூர்: டீசல் வண்டி, ஆயில் மாற்றிய ஒரே வாரத்தில் கருப்பாகிவிட்டதே?

டீசலில் அப்படித்தான் இருக்கும். குவாரிப் பக்கம் போகிற வண்டி என்றால் ஏர் ஃபில்டரைப் பாருங்கள், வெளியே தூசி பறப்பது அந்தக் கணக்குக்குத் தெரியவே தெரியாது.

ஓசூர்: வெளியே ஆயில் மாற்றினேன், ஆனாலும் ஸ்பேனர் படம் போகவில்லை.

ரீசெட் செய்யவில்லை. மேனுவலில் வழி இருக்கும். ஆயில் மாற்றாமலே ரீசெட் மட்டும் செய்தாலும் 100 சதவீதம் காட்டும் என்பதால், செகண்ட்ஹேண்ட் வாங்குகிறவர்கள் அந்த எண்ணை நம்பாமல் பில்லைக் கேளுங்கள்.

பென்னாகரம்: ஒகேனக்கல் இறக்கத்தில் ஒரு வளைவில் சிவப்பு ஆயில் கேன் விளக்கு எரிந்து அணைந்தது. ஊர் திரும்பி ஆயில் மாற்றினால் போதுமா அண்ணா?

போதாது. மேலே பேசியதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அது ஆயில் பிரஷர் விளக்கு. அளவு குறைந்திருந்தால் வளைவில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்ப் காற்றை இழுக்கும். வண்டி இன்னும் ஒகேனக்கலில்தான் நிற்கிறதா? கிளப்பாமல் சமதரையில் வைத்து, ஆறியதும் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். குறைந்திருந்தால் அதே கிரேடு ஆயில் ஊற்றி, ஸ்டார்ட் செய்ததும் விளக்கு அணைகிறதா என்று கவனியுங்கள். அணையவில்லை என்றாலோ அளவு சரியாக இருந்தாலோ டோ செய்துதான் கொண்டுவர வேண்டும், ஓட்டிக்கொண்டு வரக் கூடாது.