காசு கேட்டால் அது ஆய்வு இல்லை: ஸ்டெம் செல் பற்றிய உங்கள் கேள்விகள்

கொழும்பில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுவில் ஒன்பது வருடம் இருந்தேன். மனிதரை வைத்துச் செய்யும் ஆய்வை அனுமதிக்கலாமா என்று பார்க்கும் குழு அது. ஸ்டெம் செல் என்பது உடலின் வேறு வகைக் கலங்களாக மாறக்கூடிய மூலக் கலம். அதைப் பற்றி வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் எழுதுகிறேன். சிகிச்சை பற்றி உங்கள் வைத்தியரைத்தான் கேட்கவேண்டும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு மாணவர்: மிஸ், ஜனாதிபதி புஷ் காலத்தில் அமெரிக்கா ஸ்டெம் செல் ஆய்வையே தடைசெய்தது தானே?

இல்லை தம்பி. தடை அரசுப் பணத்துக்குத்தான். முளையத்தை, அதாவது ஆரம்ப நாட்களில் உள்ள கருவை, அழிக்கும் ஆய்வுக்கு மத்திய அரசின் காசு போகக்கூடாது என்று 1996இலேயே சட்டம் வந்துவிட்டது. அதனால் 1998இல் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தொம்சன் மனித முளையத்திலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்தெடுத்தது தனியார் பணத்தில். 2001 ஓகஸ்ட் 9 அன்று புஷ் ஒரு கோடு போட்டார்: அன்றைக்கு முன்பே உருவாகியிருந்த கலங்களில் செய்யும் ஆய்வுக்கு மட்டும் அரசு நிதி. பிறகு பல கூடங்களில் எல்லாமே இரண்டு இரண்டாக வேண்டியதாயிற்று. அரசுக் காசில் வாங்கிய நுணுக்குக்காட்டியில் புதிய கலங்களை வைத்துப் பார்க்கக்கூடாது என்பதால் பக்கத்திலேயே இன்னொன்று. கலிபோர்னியா மக்கள் 2004இல் வாக்களித்து 300 கோடி டொலரைத் தாங்களே ஒதுக்கினார்கள். 2009 மார்ச்சில் ஒபாமா அந்தத் தேதிக் கட்டுப்பாட்டை எடுத்தார். 1996 சட்டம் மட்டும் வருடாவருடம் புதுப்பிக்கப்பட்டு வருகிறது.

அரசு காசு கொடுத்தால் கேள்வியும் கேட்கலாம். முளையத்தைத் தந்த தம்பதி எழுத்தில் சம்மதித்தார்களா, அதற்குப் பணம் ஏதும் கைமாறியதா என்று 2009 விதிகள் கேட்கின்றன. அரசு ஒதுங்கிக்கொண்டால் அதைக் கேட்கும் பிடி நழுவிப்போகிறது. பொதுப் பணம் வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

மருதானை: கொரியாவில் அரசு அள்ளிக் கொடுத்ததே, மோசடிதானே நடந்தது?

நியாயமான கேள்வி. குளோனிங் மூலம் மனித ஸ்டெம் செல்களை உருவாக்கியதாகச் சொன்ன கொரிய விஞ்ஞானி ஹுவாங் வூ-சுக் 2004இலும் 2005இலும் வெளியிட்ட கட்டுரைகள் இரண்டும் பொய் என்று தெரிந்து 2006 ஜனவரியில் மீளப்பெறப்பட்டன. எனக்கு அதைவிட உறுத்தியது வேறு. அவருடைய கூடத்தில் வேலைசெய்த இளம்பெண்களே அந்த ஆய்வுக்குச் சூல்முட்டை கொடுத்திருந்தார்கள். மேலதிகாரி கேட்கும்போது எப்படி இல்லை என்பது? காசு மட்டும் போதாது, 'இல்லை' என்று சொல்லக்கூடிய குழுவும் வேண்டும்.

தெகிவளை: அக்கா, அம்மாவுக்குப் பார்க்கின்சன். வெளிநாட்டு கிளினிக் ஒன்று பதினெட்டு லட்சம் கட்டினால் ஆய்வில் சேர்க்கிறோம் என்கிறது.

கட்டாதீர்கள். காசு கேட்டால் அது ஆய்வு இல்லை. புளோரிடாவில் பார்வை மங்கிவந்த மூன்று பெண்கள் 2015இல் ஆளுக்கு 5,000 டொலர் கட்டி, தங்கள் கொழுப்பிலிருந்து எடுத்த கலங்களை இரண்டு கண்களிலும் ஒரே நாளில் ஏற்றிக்கொண்டார்கள். இருந்த பார்வையும் போயிற்று. அமெரிக்க அரசின் ஆய்வுப் பதிவேட்டில் பார்த்து அதை ஆய்வு என்று நம்பியவரும் அவர்களில் இருந்தார். பதிவேட்டில் பெயர் இருப்பது அனுமதி ஆகாது.

வத்தளையிலிருந்து ஓர் ஆசிரியர்: கருவும் உயிர்தான். முளையத்தைப் பதினான்கு நாள் வரை ஆய்வுக்கு வைத்திருக்கலாம் என்று எல்லை போட இவர்கள் யார்?
பம்பலப்பிட்டி: குழந்தைப்பேற்றுச் சிகிச்சையில் மிஞ்சி, குப்பைக்குப் போகும் முளையத்துக்கு இவ்வளவு வாதமா?

இரண்டு பேரும் ஆறு தடவை மாறி மாறி எழுதிவிட்டீர்கள். தம்பி, 'குப்பை' என்ற சொல்லை விடுங்கள். பிள்ளைக்காக ஏங்கி ஊசி போட்டுப் போட்டு உண்டாக்கிய முளையம் அது. சேர், எல்லைக்குக் காரணம் இருக்கிறது. ஏறத்தாழ பதினான்காம் நாளில்தான் முளையத்தில் உடலின் அச்சைக் காட்டும் முதல் கோடு தோன்றுகிறது. அதுவரை அது இரட்டையாகப் பிரியக்கூடும், நரம்பு என்று எதுவும் இல்லை. பிரிட்டனில் அரசு அமைத்த வார்னொக் குழு 1984இல் இதைப் பரிந்துரைத்தது, 1990இல் சட்டமாயிற்று. கருத்தரித்த கணத்திலிருந்தே மனித உயிர் என்ற கத்தோலிக்க நிலைப்பாட்டை இந்தக் காரணம் மாற்றாது, மாற்றவும் வேண்டாம்.

ஆனால் அந்த உறுத்தல்தான் ஒரு வழியையும் திறந்தது. ஜப்பானிய விஞ்ஞானி ஷின்யா யமனாகா நண்பரின் கிளினிக்கில் நுணுக்குக்காட்டி வழியே ஒரு முளையத்தைப் பார்த்தபோது, தன் மகள்களுக்கும் இதற்கும் எவ்வளவு சின்ன வித்தியாசம் என்று நினைத்தாராம். 2006இல் எலியின் சாதாரண தோல் கலத்தையும், அடுத்த வருடம் மனிதருடையதையும், முளையம் இல்லாமலே, ஸ்டெம் செல் நிலைக்குத் திருப்பினார். 2012இல் நோபல்.

நீரிழிவு, ஓட்டிசம், முழங்கால் தேய்மானம்: இவற்றுக்கு ஸ்டெம் செல் சிகிச்சை எடுக்கலாமா? (பதினொரு பேர்)

தெகிவளைக்கான பதிலைப் படியுங்கள். லியூக்கேமியா, தலசீமியா போன்ற இரத்த நோய்களுக்கு இரத்த ஸ்டெம் செல்கள் இருக்கும் எலும்பு மச்சையை மாற்றுவது நிலைபெற்ற சிகிச்சை. நீங்கள் கேட்டவை அப்படி இல்லை. காசு கேட்டால் அது ஆய்வு இல்லை.

வெள்ளவத்தை: ஸ்டெம் செல் இருக்கும் தொப்புள்கொடி இரத்தத்தை, பிள்ளைக்குப் பிறகு உதவும் என்று தனியாரிடம் சேமிக்கலாமா?

பிள்ளைக்குப் பரம்பரை இரத்த நோய் வந்தால் அந்த இரத்தத்திலும் அதே குறை இருக்கும். தனியார் சேமிப்பை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் பரிந்துரைக்கவில்லை.

கொள்ளுப்பிட்டி: இங்கே ஓர் ஆய்வுக்கு அழைத்தால் எதைப் பார்ப்பது?

எந்தக் குழு அனுமதித்தது என்று கேளுங்கள். 2006இலிருந்து இலங்கைக்கென ஒரு மருத்துவ ஆய்வுப் பதிவேடு இருக்கிறது, அதிலும் தேடுங்கள். அப்புறம் சம்மதப் படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்குங்கள். ஒருமுறை எங்களிடம் மூன்று மொழியிலும் படிவம் வந்தது. 'எப்போது வேண்டுமானாலும் விலகலாம், உங்கள் சிகிச்சை பாதிக்கப்படாது' என்ற வரி ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் இருந்தது. தமிழில் மட்டும் விடுபட்டிருந்தது. மற்ற எல்லாம் சரி, அடுத்த மாதம் வரை தள்ளிப்போடவேண்டுமா என்று கேட்டார்கள். தள்ளிப்போட்டோம். அடுத்த மாதம் அந்த வரியோடு வந்தது, அனுமதித்தோம்.