என்கோடர்ல (லைவ் சவுண்ட டிஜிட்டலா மாத்தி அனுப்பற பெட்டி) இருக்கற லிமிட்டரை (சவுண்டு ஒரு அளவைத் தாண்டாம அமுக்கறது) ஆன்லயே விடணுமா, பைபாஸ் பண்ணிடலாமா, அதாவது அது வேலை செய்யாம விட்டுடலாமா?

பைபாஸ் பண்ணிடுங்க, ஆனா மிக்ஸர்ல லெவல் சரியா இருக்கணும், சவுண்டு போற செயினோட கடைசில ஒரே ஒரு லிமிட்டர் மட்டும் இருக்கணும், அதைப் பாத்துட்டு பண்ணுங்க.

நான் சேலத்துல லோக்கல் கேபிளுக்கு சவுண்டு பாக்கறேன். ஆடி மாசம் கோட்டை மாரியம்மன் கோயில் லைவ், ஸ்பாட்ல நாதஸ்வரம் கணீர்னு இருக்கு, வீட்டுல டிவி பாத்துட்டு இருந்த அம்மா போன் பண்ணி, "ஏன்டா, தவில் அடிக்கறப்பெல்லாம் நாதஸ்வரம் உள்ள போயிட்டு உள்ள போயிட்டு வருது"ன்னாங்க. போய் பாத்தா மிக்ஸர் அவுட்புட்ல ஒரு லிமிட்டர், என்கோடர்ல ஒண்ணு, கன்ட்ரோல் ரூம் ப்ராசஸர்ல ஒண்ணு, மூணும் ஆன். வலந்தலைல கூடு போட்ட விரல் விழற அடியோட பீக் சில மில்லிசெகண்டுல முடிஞ்சுரும், ஆனா அதுக்காக லிமிட்டர் குறைச்ச சவுண்டு பழையபடி ஏற அதைவிட ரொம்ப நேரம் ஆகுது, அந்த இடைவெளில நாதஸ்வரமும் சுருதிப்பெட்டியும் சேர்ந்து அமுங்கிருது, அடுத்த அடி வந்தா மறுபடியும் அதே கதை. என்கோடர்ல இருந்ததை பைபாஸ் பண்ணி, மிக்ஸர்ல இருந்ததையும் எடுத்தப்புறம்தான் வாசிக்கறவங்க வாசிப்பு வீட்டுக்கு வந்துச்சு.

எஃப்எம்ல லிமிட்டர் கட்டாயம் வேணும், டீவியேஷன் (சவுண்டுக்கு ஏத்த மாதிரி ஃப்ரீக்வென்சி விலகற அளவு) 75 கிலோஹெர்ட்ஸ் தாண்டக்கூடாது, அனுப்பறதுக்கு முன்னாடி பண்ற ப்ரீ எம்ஃபஸிஸ் வேற மேல்ஸ்தாயிய தூக்கி விடும். டிஜிட்டல் லிங்க்ல அந்தக் கவலை இல்ல, 0 டிபிஎஃப்எஸ்ங்கற (டிஜிட்டல்ல போகக்கூடிய உச்ச லெவல்) ஒரே சுவர்தான், அதுல முட்டாம இருந்தா போதும். அதனால முதல்ல டோன் போடுங்க: மிக்ஸர்ல 1 கிலோஹெர்ட்ஸ் டோன் வியு மீட்டர்ல 0 காட்டறப்ப என்கோடர் மீட்டர் மைனஸ் 20 காட்டணும் (ஐரோப்பாக்காரங்க மைனஸ் 18 வைப்பாங்க). மேல 20 டெசிபல் இடம் கிடைக்குது, தவில் தாராளமா அடங்கும்.

இன்னொண்ணு, இது நிறைய பேர் கவனிக்கறதில்ல, என்கோடருக்குள்ள இருக்கற டிஜிட்டல் லிமிட்டர் ஏ டு டி கன்வர்ட்டருக்கு (அனலாக் சவுண்ட டிஜிட்டலா மாத்தற பகுதி) அப்புறம்தான் வேலை செய்யும், அதுக்கு முன்னாடியே லெவல் தாண்டி கிளிப் ஆன, அதாவது உச்சி வெட்டுப்பட்ட சவுண்ட அதால மீட்கவே முடியாது, ஆன்ல இருக்குன்னு தைரியமா கெயின ஏத்தி வைக்காதீங்க.

கடைசில வைக்கற அந்த ஒரு லிமிட்டருக்கு மைனஸ் 1 டிபி ட்ரூ பீக் (சாம்பிள்களுக்கு நடுவுல எகிறறதையும் சேர்த்த நிஜ உச்சம்) வைங்க, ஐரோப்பிய ஒளிபரப்பு யூனியனோட இபியூ ஆர் 128 விதி சொல்ற அளவும் அதான். ஏஏசி மாதிரி டேட்டாவ சுருக்கற கம்ப்ரஷன்ல டீகோட் ஆகறப்ப பீக் கொஞ்சம் எகிறும், பிட்ரேட் கம்மின்னா நான் மைனஸ் 2 வைப்பேன்.

ஏற்காடு கோடை விழா மாதிரி மைக் கைமாறிக்கிட்டே இருக்கற மேடை, மிக்ஸர்கிட்ட உட்கார ஆளும் இல்லைன்னா மட்டும் என்கோடர் லிமிட்டர ஆன்ல விடுங்க, பேச்சுக்கு அவ்வளவா தெரியாது.

பைபாஸ் பண்ணதும் மறுபடி ஒரு தடவை டோன் போட்டு பாத்துருங்க, சில பெட்டில லிமிட்டரோட சேர்ந்து மேக்கப் கெயினும் (அமுக்கினத ஈடுகட்ட ஏத்தற லெவல்) போயிரும், லெவல் இறங்கி நிக்கும்.