டார்ச்சில் எல்இடி மாற்றிய பிறகு அதிகமாகச் சூடாவது ஏன்?

பழைய அலுமினிய டார்ச்சில் 10 வாட் எல்இடியும் 18650 என்ற லித்தியம் அயன் பேட்டரியும் போட்டபின், சில நிமிடங்களில் சுடுகிறது, வெளிச்சமும் மங்குகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

எந்த இடம் சுடுகிறது என்று முதலில் தொட்டுப் பாருங்கள். உடல் முழுக்கச் சீராகச் சூடேறினால் வெப்பம் ஒழுங்காக வெளியே வருகிறது, கரண்ட்தான் அதிகம். உடல் குளிர்ச்சியாக இருந்து வெளிச்சம் மட்டும் மங்கினால்தான் நான் பயப்படுவேன். வெப்பம் எல்இடிக்குள்ளேயே தங்குகிறது. ஒளி நீலமாக மாறினால் உடனே அணைத்துவிடுங்கள்.

பெரும்பாலும் குறை எல்இடி தகட்டுக்கு அடியில்தான் இருக்கும். தகடும் அது உட்காரும் உலோகப் பரப்பும் சமமாக இருக்க வேண்டும். நைஸான உப்புத்தாளால் தேய்த்து, வெப்பம் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை மிக மெல்லியதாகத் தடவி, திருகால் அழுத்திப் பிடியுங்கள். பேஸ்ட் காற்று இடைவெளியை நிரப்ப மட்டுமே. தடிமனாக அப்பினால் அதுவே தடையாகிவிடும். எல்இடி தகடு உட்காரும் உலோகத் துண்டு டார்ச்சின் உடலுக்குள் லொடலொடவென்று ஆடினால் செம்புத் தகடு சுற்றி இறுக்குங்கள்.

அப்புறம் டிரைவர், அதாவது எல்இடிக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் சின்ன சர்க்யூட். 7135 வகை டிரைவர் மிச்ச வோல்டேஜை வெப்பமாகவே கழிக்கும். பேட்டரி 4.2 வோல்ட், எல்இடி 3.3 வோல்ட், கரண்ட் 2.8 ஆம்பியர் என்றால் டிரைவரில் மட்டும் சுமார் 2.5 வாட் வீணாகிறது.

வால்பக்கம் மட்டும் சுட்டால் ஸ்பிரிங்கைப் பாருங்கள். அதன் மின்தடையால்தான் அங்கே சூடு. அதன் இரு முனைகளையும் இணைத்து ஒரு செம்புக் கம்பியைச் சால்டர் செய்தால் போதும்.

பிளாஸ்டிக் உடல் என்றால் கரண்டைக் குறைப்பதுதான் ஒரே வழி.