கப்பல் படிவத்தில் ‘இல்லை’ என்று போட்டது யார்?

கேள்வி: நான் ஹட்டனில் ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியர். பென்ஷன் பணத்தோடு மகன் அனுப்பியதையும் சேர்த்து, சிங்கப்பூரில் இருந்து சொகுசுக் கப்பலில் நால்வர் போவதற்கு 14 இலட்சம் ரூபா கட்டினோம். ஏறும் இடத்தில் தாதி கேட்டபோது, இரண்டு நாளைக்கு முன் காய்ச்சல் இருந்தது என்று என் மனைவி சொல்லிவிட்டார். சோதித்துவிட்டு கொரோனா என்று நால்வரையும் திருப்பி அனுப்பினார்கள். கொரோனா விதிகள்தான் முடிந்துவிட்டனவே? அவருக்கு இருந்தது குளிரில் வந்த தடிமன்தான். டிஸ்பென்சரித் துண்டும் கையில் இருக்கிறது. ஒவ்வாமை இருமல் என்று இன்னொரு துண்டு எழுதித் தரவும் தெரிந்த டொக்டர் ஒருவர் சம்மதித்திருக்கிறார். கப்பல் கம்பனி பாதிப் பணத்தை அடுத்த பயணத்தில் கழித்துத் தருவதாகச் சொல்கிறது. வழக்குப் போடலாமா?

பதில்: ஐயா, உங்கள் நான்கு பக்கக் கடிதத்தில் வழக்குக்கு வேண்டியது ஒரே ஒரு வரிதான். மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: “வான் கிதுல்கலையைத் தாண்டியதும் சிக்னல் வந்தது, போனிலேயே படிவத்தை நிரப்பி அனுப்பினேன்.” கடந்த 14 நாட்களில் யாருக்காவது காய்ச்சல், இருமல் உண்டா என்று அந்தப் படிவம் கேட்டது. நால்வருக்கும் ‘இல்லை’ என்று போட்டது நீங்கள். தாதி முறைத்ததும், வெயிலில் நிற்க வைத்ததும், பேரப்பிள்ளை அழுததும் மனதுக்குக் கஷ்டம்தான். ஆனால் எந்த நீதிமன்றமும் அவற்றுக்குப் பணம் தராது.

விதிகள் முடிந்துவிட்டன என்ற வாதமும் நிற்காது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் கப்பல்களுக்கான தன் கொரோனா திட்டத்தை 2022 ஜூலை 18ஆம் திகதி முடித்துக்கொண்டது உண்மை. உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5ஆம் திகதி அவசரநிலையை நீக்கியதும் உண்மை. ஆனால் உங்களைத் தடுத்தது அரசாங்கத்தின் விதி அல்ல, டிக்கட்டின் நிபந்தனை. தொற்று இருக்கலாம் என்று தோன்றினால் ஏற்ற மறுக்கலாம், படிவத்தில் தவறான பதில் இருந்தால் பணம் திரும்பக் கிடைக்காது என்று அந்த டிக்கட்டுகளில் வழக்கமாக எழுதியிருப்பார்கள். அவர்கள் இதில் ஏன் இவ்வளவு கடுமை என்றால், 2020 பெப்ரவரியில் யோகோஹாமாவில் நின்ற டயமண்ட் பிரின்சஸை யாரும் மறக்கவில்லை. அதில் இருந்தவர்கள் 3,711 பேர். 700க்கும் அதிகமானோருக்குத் தொற்றியது.

சரி, இப்போது அந்த டிஸ்பென்சரித் துண்டுக்கு வருகிறேன். இதில்தான் என்னிடம் வந்த பலர் விழுந்தார்கள்.

உங்களுக்கு அது ‘வெறும் தடிமன்’ என்று காட்டுகிற சாட்சி. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதில் திகதியை மட்டும்தான் பார்ப்பார். நீங்கள் அனுப்பிய படத்தை நானும் பார்த்தேன். ‘காய்ச்சல், இருமல், 2 நாள்’ என்ற கிறுக்கலுக்குக் கீழே பனடோலும் இருமல் பாணியும் எழுதியிருக்கிறது. திகதி செவ்வாய்க்கிழமை. படிவம் போனது புதன்கிழமை. தெரிந்துகொண்டே ‘இல்லை’ என்று போட்டீர்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி அவர்களுக்குக் கிடைக்காது. அதை நீங்களே கோரிக்கைக் கடிதத்தோடு இணைத்து அனுப்பப் பார்க்கிறீர்கள்.

இன்னொன்று. சிங்கப்பூருக்குள் நுழைய, வருகைக்கு முந்திய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்பியிருப்பீர்கள். அதிலும் உடல்நலம் பற்றிய கேள்வி உண்டு. அது கம்பனிக்குச் சொன்ன பதில் இல்லை, ஒரு அரசாங்கத்துக்குச் சொன்ன பதில். பொய்யாகச் சொல்வது அங்கே குற்றம். 14 இலட்சத்துக்காக வழக்குப் போட்டு, அந்தக் கதவை நீங்களே ஏன் திறக்க வேண்டும்?

பயணக் காப்புறுதிக்கும் இதே துண்டுதான் போகும். நோய்க்குறி என்றைக்குத் தொடங்கியது என்று அவர்கள் கட்டாயம் கேட்பார்கள். அங்கே செவ்வாய், கப்பலுக்கு வியாழன் என்று எழுதினீர்கள் என்றால் இரண்டு கோரிக்கையும் சேர்ந்தே போகும்.

அந்த ‘ஒவ்வாமை’ துண்டை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். முந்திய திகதி போட்டு டொக்டரிடம் கடிதம் வாங்கிய ஒருவர் என்னிடம் வந்தார். டிஸ்பென்சரிப் பதிவுப் புத்தகத்தை அழைப்பித்ததும் பக்கம் பொருந்தவில்லை. வழக்கு தோற்றது ஒரு புறம் இருக்க, பொய்ச் சான்று உருவாக்கிய குற்றத்துக்குப் பதில் சொல்லும் நிலைக்கு வந்தார். டொக்டரையும் இழுத்துவிட்டார். உங்களுக்கு உதவ வருகிற மனிதருக்கு அந்தக் கதியைக் கொடுக்காதீர்கள். பழைய துண்டைக் கிழிக்கவும் வேண்டாம். பத்திரமாக அப்படியே இருக்கட்டும்.

இவை எதுவும் இல்லாவிட்டாலும், வழக்கை எங்கே போடுவீர்கள்? எந்த நாட்டு நீதிமன்றம் என்று டிக்கட்டிலேயே இருக்கும். 1991இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை இந்தக் கேள்வி போனது. வாஷிங்டன் மாநிலத்துத் தம்பதியர், கப்பல் புறப்பட்டது லொஸ் ஏஞ்சல்ஸில் இருந்து, டிக்கட்டில் புளோரிடா என்று இருந்தது. புளோரிடாதான் என்று தீர்ப்பு வந்தது. இங்கே எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு வருட காலாவதி என்று நம்பியும் இருக்காதீர்கள். பல டிக்கட்டுகள் ஒரு வருடத்தோடு கதவைச் சாத்திவிடும்.

ஆகவே சமரசமாகப் போங்கள். பாதிப் பணம் உங்கள் நிலையில் நல்ல தொகை. அடுத்த பயணத்துக்குப் பதில் காசாகத் தரமுடியுமா, நீங்கள் ஏறாததால் துறைமுக வரியாவது திரும்புமா என்று கேளுங்கள். இனி எதுவும் கோரமாட்டேன் என்று எழுதிக் கொடுக்கும் விடுவிப்புப் பத்திரத்தில் கையெழுத்து வைக்கும் முன், அது கப்பல் கம்பனியை மட்டும் விடுவிக்கிறதா, உங்கள் ஏஜன்டையும் சேர்த்தா என்று பாருங்கள். ‘எல்லாத்துக்கும் இல்லை என்று போடுங்க, சும்மா சம்பிரதாயம்’ என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது வாய்ப்பேச்சு மட்டும் என்றால் விட்டுவிடுங்கள். வட்ஸ்அப்பில் எழுத்தாக இருந்தால், அவருடைய சேவைக் கட்டணத்தையாவது திருப்பிக் கேட்க மத்தியஸ்த சபைக்குப் போகலாம். நுகர்வோர் அதிகாரசபைக்கு எழுதுவதென்றால் மூன்று மாதத்துக்குள் எழுத வேண்டும்.

அப்புறம், உங்கள் மனைவி ‘உளறிவிட்டார்’ என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். நடுக்கடலில் காய்ச்சல் ஏறியிருந்தால் ஒரு அறையில் அடைபட்டு, டொலரில் கப்பல் மருத்துவச் செலவும் கட்டியிருப்பீர்கள். பக்கத்து அறை முதியவருக்குத் தொற்றியிருந்தால், அதற்கும் அந்தப் படிவத்தையே நீட்டியிருப்பார்கள். அன்று உங்கள் குடும்பத்தில் சட்டப்படி சரியாக நடந்தவர் அவர் ஒருவர்தான்.

கம்பனி கொடுத்த தவணை இந்த மாதம் 30ஆம் திகதி. அதற்கு முன் இரண்டு வரியில் பதில் எழுதுங்கள்: சமரசத்துக்குத் தயார், பணமாகத் தர முடியுமா. காய்ச்சல், தடிமன், டொக்டர் என்ற சொற்கள் அதில் வேண்டாம். அனுப்பும் முன் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள்.