அழிந்த ஊரும் அதே ஊர்தானா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

இத்தாலியின் ஒர்வியேட்டோவை 2,500 ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஊர் என்று எழுதியிருந்தீர்கள். கி.மு. 264-இல் ரோமானியர்கள் அதை அழித்து மக்களை வேறிடத்தில் குடியேற்றியதாகவும் நீங்களே சொல்கிறீர்கள். அப்படியென்றால் இன்றிருப்பது அதே மலையில் கட்டிய வேறு ஊர்தானே?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நியாயமான கேள்வி. ரோமானியர்களுக்கு முன்பே மத்திய இத்தாலியில் ஓங்கியிருந்த எட்ருஸ்கர்களின் வெல்ஸ்னா நகரம் அது. அங்கே அடிமைகளாக இருந்தவர்கள் ஆட்சிக்கு வந்துவிட, பழைய பிரபுக்கள் ரோமை உதவிக்குக் கூப்பிட்டார்கள். வந்தவர்கள் ஊரையே அழித்தார்கள், மிஞ்சியவர்களை போல்சேனா ஏரிக்கரைக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்த 2,000 சிலைகளுக்காகத்தான் ரோம் அந்தப் போரை நடத்தியது என்று ஒரு கிரேக்கர் குற்றம் சாட்டியதை ரோமானிய எழுத்தாளர் பிளினி பதிவு செய்திருக்கிறார்.

ஆனால் ரோமப் பேரரசு சரிந்து, சமவெளியில் பாதுகாப்பு போனதும் மக்கள் மறுபடி மலையேறினார்கள். 538 வாக்கில் பைசாந்தியத் தளபதி பெலிசாரியஸ், அப்போது இத்தாலியை ஆண்ட கோத்து இனத்தவரிடமிருந்து பிடித்ததும் இதே மலையைத்தான். 1290-இல் பேராலய வேலை தொடங்கியது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது தண்ணீர். சுற்றிலும் செங்குத்துப் பாறை. பகைவன் ஏறுவது கஷ்டம், முற்றுகை நீண்டால் உள்ளே இருப்பவர்களுக்குத் தாகம். எரிமலைச் சாம்பல் இறுகிய பாறை என்பதால் குடைவது சுலபம். எட்ருஸ்கர்கள் ஆள் இறங்கக் கால்குழி வெட்டி ஒடுங்கிய கிணறுகள் தோண்டினார்கள். 1527-இல் ரோம் சூறையாடப்பட்டபோது இங்கே தஞ்சம் புகுந்த போப் ஏழாம் கிளமெண்ட்டுக்கும் அதே கவலை. அவருக்காக இளைய அந்தோனியோ டா சங்கால்லோ வடிவமைத்த கிணறு 50 மீட்டருக்கும் அதிக ஆழம். ஒன்றோடொன்று சேராத இரண்டு சுழற்படிகள். ஒன்றில் கோவேறு கழுதைகள் இறங்கின, மற்றதில் தண்ணீரோடு ஏறின. கிளமெண்ட் திறக்கச் சொன்ன இன்னொரு கிணறு, பழைய எட்ருஸ்கக் கிணற்றையே பயன்படுத்திக்கொண்டது. அதன் பக்கச்சுவரில் அந்தக் கால்குழிகள் இன்றும் தெரிகின்றன. இடையில் 1,700 ஆண்டுகளுக்கு மேல். இதைத் தொடர்ச்சி இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மக்கள் மாறிவிட்டார்களே என்பீர்கள். சரி, அழிவுக்கு முன்பு மட்டும் ஒரே மக்களா இருந்தார்கள்? மலையடிவாரத்தில் கி.மு. 6-ஆம் நூற்றாண்டுக் கல்லறைகள் தெருத்தெருவாக இருக்கின்றன. வாசல் மேல்கல்லில் உரியவரின் பெயர் வெட்டப்பட்டிருக்கும். அவற்றில் ஒன்று கெல்டிக் வேர் கொண்ட பெயர், அதாவது எட்ருஸ்கர் அல்லாத வேறோர் இனத்தின் பெயர். அவரும் எட்ருஸ்க மொழியில்தான் தன் பெயரைப் பொறித்து, வெல்ஸ்னாக்காரராக அங்கே கிடக்கிறார்.