ரோமர் 13 இருக்கும்போது கிறிஸ்தவர்கள் அரசை எதிர்க்கலாமா?

கேள்வி: ஈரோடு பக்கம் எங்க தோட்டத்து வழியா உயர் அழுத்த மின்கோபுரம் போடறாங்க. ஊரோட சேர்ந்து போராட்டத்துக்குப் போனா அது ரோமர் 13க்கு விரோதம்னு சபையில சொல்றாங்க. சரிதானுங்களா?

பதில்: சரியில்லைங்க. போராட்டம் வேறு, கலகம் வேறு. "எந்த மனுஷனும் மேலான அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியக்கடவன்" என்று அப்போஸ்தலன் பவுல் ரோமச் சபைக்கு எழுதிய நிருபத்தின் 13ஆம் அதிகாரத்தில் எழுதியது ஏறத்தாழ கி.பி. 57இல், ரோமப் பேரரசன் நீரோ காலத்தில். அந்தச் சபையாருக்கு ஓட்டும் இல்லை, அரசியல் சட்டமும் இல்லை. நமக்கு மேலான அதிகாரம் அந்தச் சட்டம்தான். கலெக்டரும் அதற்குக் கட்டுப்பட்டவர். ஆயுதமில்லாமல் அமைதியாகக் கூடும் உரிமையை அதன் 19ஆம் பிரிவு தருகிறது. பவுலே பிலிப்பி பட்டணத்தில், விசாரியாமல் அடித்த அதிகாரிகள் நேரில் வந்து அழைத்துப் போகட்டும் என்றார். பிறகு இராயனுக்கு அபயமிட்டார், அதாவது ரோமப் பேரரசனிடமே மேல்முறையீடு செய்தார்.

உங்கள் விஷயத்துக்கு நெருக்கமான ஆள் நாபோத். அவன் திராட்சத்தோட்டத்தை ராஜா ஆகாபே கேட்டும், நல்ல விலை தருவதாகச் சொல்லியும், பிதாக்களின் சுதந்தரத்தை, அதாவது பரம்பரைச் சொத்தை, தரமாட்டேன் என்றான். வேதம் அதைக் கலகம் என்று சொல்லவில்லை. தீர்க்கதரிசி எலியாவின் கண்டனம் ஆகாபின் மேல்தான் விழுந்தது. ஆனால் ஆகாப் கேட்டது தன் கீரைக்கொல்லைக்கு. மின்பாதை பொதுக்காரியம் என்று அரசு சொல்லும்; அந்த வித்தியாசத்தை மறைக்கக் கூடாது.

சட்டத்தை மீறுவது அடுத்த படி. மனுஷருக்கு அல்ல, தேவனுக்கே கீழ்ப்படியவேண்டும் என்கிற அப்போஸ்தலர் 5:29ஐ எல்லாவற்றுக்கும் இழுக்கக் கூடாதுங்க. தேவன் விலக்கியதைச் செய்யச் சொன்னாலோ, கட்டளையிட்டதைத் தடுத்தாலோதான் அது பொருந்தும். ராஜ கட்டளை தடுத்தும் தானியேல் ஜெபத்தை நிறுத்தவில்லை, சிங்கக் கெபிக்கும் போனான். இழப்பீடு குறைவு என்பது அந்தக் கணக்கில் வராது. ஆட்சியையே கவிழ்ப்பதென்றால், தனியாட்களுக்கு அது கூடாது, கொடுங்கோலனைத் தடுப்பது மக்கள் சார்பில் பொறுப்பில் இருப்பவர்களின் கடமை என்றார் சபைச் சீர்திருத்தவாதி கால்வின். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

இனி நடைமுறை. தந்திக்காகப் போட்ட 1885 சட்டத்தின் 16ஆம் பிரிவுதான் மின்பாதைக்கும் பொருந்துகிறது. நீங்கள் வேலையைத் தடுத்தால் விவகாரம் கலெக்டரிடம் போகும். விசாரணைக்குக் கூப்பிட்டால் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுங்க: சர்வே எண், கிணறு, போர்வெல், தென்னை எத்தனை, எந்தப் பக்கம் தள்ளிப் போடலாம் என்று ஒரு வரைபடம். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். வாயால் சண்டை போட்டுவிட்டு, நீட்டின தாளில் படிக்காமல் கையெழுத்துப் போட்டு வந்துவிடுவார்கள். கலெக்டர் அனுமதித்து உத்தரவு போட்டபின் மறித்தால் அது குற்றம். பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 223ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை, 2,500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ரோமர் 13 உங்களை நேராகக் கேள்வி கேட்பது இந்த இடத்தில்தான். உத்தரவே தப்பு என்றால் அதை ரத்து செய்யக் கேட்டு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். இழப்பீடு போதாதென்றால் மாவட்ட நீதிபதியிடம் மனு. எந்த மனு கொடுத்தாலும் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் ஆபீஸை விட்டு வராதீங்க.