கறுப்பு காரின் பானட்டில் மைனா எச்சம் விட்ட தழும்பு

வணக்கம். சிங்கப்பூரின் ஈசூனில் திறந்தவெளி நிறுத்துமிடத்தில் நிற்கும் உங்கள் கறுப்பு காரின் பானட்டில், மைனா எச்சத்தைக் கழுவிய பிறகும் மங்கலான வளையம் நிற்கிறது என்றும், காம்பவுண்ட் (பூச்சைச் சுரண்டி மெருகேற்றும் பசை) போட்டுத் தேய்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து உடனே தேய்த்துவிடாதீர்கள்.

அது அழுக்கு அன்று. நண்பகல் வெயிலில் சூடேறி இளகும் கிளியர் கோட் (வண்ணத்தின் மேலுள்ள நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு), மாலை மழையில் குளிர்ந்து சுருங்கும்போது, காய்ந்து இறுகிய எச்சத்தின் வடிவத்தையே ஏற்றுக்கொள்கிறது. எச்சத்திலுள்ள பொருள்களும் மேற்பரப்பை அரிக்கின்றன. அந்தப் பூச்சின் தடிமன் பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரான்தான், நம் தலைமுடியைவிடவும் மெல்லியது. ஒருமுறை தேய்த்து எடுத்தது திரும்ப வராது.

முதலில் நகத்தை அந்த வளையத்தின் மேல் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். நகம் தட்டினால் கார் மெருகேற்றுவதில் தேர்ந்த கடைக்காரரிடம் விட்டுவிடுவதே நல்லது. தட்டாவிட்டால், மாலையில் பலமாடி நிறுத்துமிடத்தின் நிழலான தளத்தில், பானட் தொடுவதற்குக் குளிர்ந்திருக்கும்போது, கழுவித் துடைத்து, கிளே பார் (ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் போன்ற கட்டி) ஓட்டிவிட்டு, மிக நைசான பாலிஷைப் பட்டாணியளவு ஸ்பஞ்சில் எடுத்து, உள்ளங்கை அகலத்துக்கு மேல் போகாமல் தேயுங்கள். என் கருநீல காரில் இரண்டாம் சுற்றிலேயே வளையம் மறைந்தது. முதல் சுற்றில் ஓரம் மட்டுமே மங்கியிருந்தது. பிறகு மெழுகு பூசுங்கள்.

இனி எச்சம் விழுந்தால், ஈரத் துணியை ஐந்து நிமிடம் அதன்மேல் போட்டு ஊறவைத்து, தேய்க்காமல் அள்ளி எடுங்கள்.